பறிக்கப்பட்ட பதக்கங்கள்: ஜிம் தோர்ப்பின் வாழ்க்கை

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைப் பணித்தபோது, நம் நாட்டுத் தலைவர்களுள் ஒருவரையே நாம் தேர்ந்தெடுப்போம் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அப்பெருமக்களைப் பற்றி நம்மினும் தகுதி வாய்ந்தோர் எழுதவிருக்கின்றனர். நாமோ பல்லாண்டுகளாக அரசுப் பள்ளிகளின் விளையாட்டுத் திடலோரம் நின்று, வெறுங்காலுடன் ஓடும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவர்கள். ஆதலின் ஓட்டக்காரர் ஒருவரின் கதையைச் சொல்லவே மனம் விழைகின்றது. அவர் அமெரிக்க நாட்டுப் பூர்வகுடி மகன். பாடநூல்களிற் செவ்விந்தியர் என்று நாம் படித்த மக்களுள் ஒருவர். ஜிம் தோர்ப் என்பது அவர் பெயர்.

1887 மே மாதத்தில், இன்று ஓக்லஹோமா மாநிலமாக விளங்கும் நிலப்பகுதியில், பிராகு என்னும் ஊருக்கு அருகில் அவர் பிறந்தார். சாக், ஃபாக்ஸ் எனும் இனக்குழுவைச் சேர்ந்த குடும்பம். வா-தோ-ஹக் என்று தாய்மொழியிற் பெயரிட்டனர். ஒளி படர்ந்த பாதை என்பது அதன் பொருள். அவருடன் இரட்டையராய்ப் பிறந்த சார்லி, ஒன்பது வயதளவில் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தான். சில ஆண்டுகளிற் பிள்ளைப்பேற்றின்போது தாயும் மாண்டார். தந்தையாரும் 1904-இல் மறைந்தார். அனுப்பிய பள்ளிகளிலிருந்தெல்லாம் ஓடி ஓடி வீடு திரும்பிய அச்சிறுவனுக்கு, இறுதியில் ஓடிவருவதற்கு வீடே இல்லை என்றாயிற்று.

அந்த 1904-ஆம் ஆண்டிலேயே அவர் பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் பள்ளியிற் சேர்க்கப்பட்டார். இப்பள்ளியைப் பற்றி நம் இளைஞர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1879-இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்னும் படைத்தலைவர், பழைய இராணுவக் குடியிருப்பு ஒன்றில் இதனைத் தோற்றுவித்தார். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் கொணர்ந்து, நீண்ட தலைமயிரைக் கத்தரித்து, பெயரை மாற்றி, தாய்மொழி பேசுவதைத் தடுத்து, வெள்ளையரைப் போல் ஆக்குவதே அதன் நோக்கம். அதனை மறைக்காமல் வெளிப்படையாகவே அறிவித்தனர். கல்வி என்னும் சொல்லை நாம் எப்போதும் ஒளியோடு சேர்த்தே பேசி வந்துள்ளோம். ஆயினும் 180-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் கல்லறைகள் அப்பள்ளி வளாகத்தில் இருந்தன என்பதை அறியும்போது, யார் கையில் எந்த நோக்கத்தோடு கல்வி இருக்கின்றது எனக் கேட்காமலிருக்க முடியவில்லை.

அரைநாள் பாடம், அரைநாள் தொழில் என்பது அங்கு வழக்கம். விடுமுறைக்கும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அக்கம்பக்கத்து வெள்ளையர் பண்ணைகளுக்குக் குறைந்த கூலிக்கு வேலைக்கு அனுப்புவர். தோர்ப்பும் அவ்வாறே அனுப்பப்பட்டார்.

1907-ஆம் ஆண்டின் வேனிற்பருவத்தில் ஒருநாள், வேலைக்கான உடுப்போடு அவர் திடலைக் கடந்து சென்றார். உயரம் தாண்டும் மாணவர்கள், 5 அடி 9 அங்குலத்தில் வைத்த குறுக்குக் கோலைத் தாண்டமாட்டாது திணறிக்கொண்டிருந்தனர். தோர்ப் அதே உடுப்புடன் ஓடிவந்து அதனைத் தாண்டிவிட்டுத் தம் வழியே போய்விட்டார். செய்தி பயிற்சியாளர் கிளென் வார்னரின் செவிக்கு எட்டியது. மறுநாளே அழைப்பு வந்தது.

வார்னரின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவருக்கும் பள்ளி நிருவாகத்திற்கும் விளையாட்டு ஒரு வருவாய் வழியாகவும் இருந்தது என்பதை மறத்தலாகாது. கார்லைல் கால்பந்து அணி பெரும் பல்கலைக்கழகங்களின் திடல்களுக்குச் சென்று ஆடும். பூர்வகுடிப் பிள்ளைகள் ஆடுவதைக் காணப் பல்லாயிரவர் கூடுவர். நுழைவுச்சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு பள்ளியின் விளையாட்டு நிதிக்கு வரும். அந்த நிதியின் மீது மாணவர்க்கு எவ்வித அதிகாரமும் இல்லை. 1911-இல் ஹார்வர்டு அணியை 18-க்கு 15 என்னும் கணக்கில் கார்லைல் வென்றபோது, தோர்ப் நான்கு முறை களத்திலிருந்து பந்தை உதைத்துக் கம்பத்தினூடே செலுத்தினார். அடுத்த ஆண்டு வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரி அணியை 27-க்கு 6 எனத் தோற்கடித்தனர். தோற்ற அணியில் ஆடியவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஐசனோவர்.

இவ்விரண்டு ஆட்டங்களுக்கும் முன்னர் நிகழ்ந்த ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். 1909, 1910 ஆகிய இரு கோடைகளிலும் தோர்ப் பள்ளியை விட்டு நீங்கி, வட கரோலினா மாநிலத்தின் ராக்கி மவுன்ட் என்னும் சிற்றூர் அணிக்காகப் பேஸ்பால் ஆடினார். அதற்குச் சிறுதொகை பெற்றார். ஆட்டத்திற்கு 2 டாலர் முதல் வாரத்திற்கு 35 டாலர் வரை என்று கூறுவர். நம் ஊர்களில் திருவிழாக்காலக் கபடிப் போட்டிக்கு வெளியூர் ஆட்டக்காரரைத் தொகை பேசி அழைத்துவருவதை நாம் பார்த்ததில்லையா? ஏறத்தாழ அதுபோன்றதே இதுவும். அக்காலத்தில் கல்லூரி மாணவர் பலர் கோடைதோறும் இவ்வாறே ஆடி, கைச்செலவுக்குப் பணம் தேடிக்கொண்டனர். ஆனால் விவரம் அறிந்த வீட்டுப் பிள்ளைகள் பொய்ப்பெயரில் ஆடினர். தோர்ப் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார்.

1912-இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. பென்டாத்லான் என்னும் ஐவகைப் போட்டியில் நீளந்தாண்டல், 200 மீட்டர் ஓட்டம், வட்டெறிதல், 1500 மீட்டர் ஓட்டம் ஆகிய நான்கில் தோர்ப் முதலிடம் பெற்றார். ஈட்டி எறிதலில் மட்டும் மூன்றாமிடம். டெகாத்லான் என்னும் பத்துவகைப் போட்டி மூன்று நாள் நடந்தது. அதற்கு முன்னர் அவருடைய காலணிகள் காணாமற் போயின என்றும், கிடைத்த இரண்டு வேறுவேறு காலணிகளை அணிந்துகொண்டே ஆடினார் என்றும் சொல்வர். இணை சேராத காலணிகளுடன் அவர் நிற்கும் ஒளிப்படம் இன்றும் உள்ளது. அவர் பெற்ற புள்ளிகள் 8412. இரண்டாமிடம் பெற்ற சுவீடன் நாட்டு ஹியூகோ வீஸ்லாண்டர் ஏறத்தாழ 700 புள்ளிகள் பின்தங்கியிருந்தார். சுவீடன் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் தம் கையாலேயே பரிசளித்து, உலகின் ஈடிணையற்ற விளையாட்டு வீரர் எனப் பாராட்டினார். இளைஞர் சுருக்கமாக நன்றி கூறினார். ரஷ்யப் பேரரசர் வழங்கிய வெள்ளிக் கப்பல் வடிவக் கோப்பையும், சுவீடன் மன்னரின் வெண்கலச் சிலையும் பதக்கங்களோடு சேர்ந்து கிடைத்தன. அதே போட்டிகளில் கார்லைல் பள்ளியின் மற்றொரு மாணவரான ஹோபி இனத்து லூயி தெவானிமா 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். நியூயார்க் நகரம் வீதிதோறும் காகிதத் துணுக்குகளைத் தூவி வெற்றியாளரை வரவேற்றது. அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் அனைவருக்கும் அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்ததோ 1924-இலேதான். எந்த நாட்டுக்காகப் பதக்கம் வென்று வந்தனரோ, அந்த நாட்டில் அவர்தம் இனத்தாருள் பலர் அன்று குடிமக்களாகக்கூட எண்ணப்படவில்லை.

ஏழு மாதங்கள் கூடக் கழியவில்லை. 1913 ஜனவரி இறுதியில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரப் பத்திரிகை ஒன்று, தோர்ப் பணம் பெற்றுப் பேஸ்பால் ஆடியவர் எனச் செய்தி வெளியிட்டது. ஒலிம்பிக்கில் கலந்துகொள்வோர் அமெச்சூர்களாக இருத்தல் வேண்டும் என்பது அன்றைய விதி. எந்த விளையாட்டிலேனும் ஒருமுறை காசு பெற்றிருந்தால் அமெச்சூர் தகுதி போய்விடும்.

இந்த அமெச்சூர் என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குவோம். விருப்பத்தின் பொருட்டு ஆடுபவர், ஊதியத்தின் பொருட்டு ஆடாதவர் என்பது அதன் பொருள். கேட்பதற்கு எவ்வளவு தூய்மையாக இருக்கின்றது! ஆனால் இது பிறந்த இடம் இங்கிலாந்தின் செல்வர் மாளிகை. 1866-இல் இலண்டனில் தோன்றிய தடகளச் சங்கம் ஒன்று வகுத்த வரையறையில், கைவினைஞரும் தொழிலாளியும் கூலியாளும் அமெச்சூர் ஆகமாட்டார் எனக் கண்டிருந்தது. ஹென்லி படகுப் போட்டியினர் 1879-இல் வகுத்த விதியிலும் அவ்வாறே. அதாவது, விளையாட்டில் காசு வாங்கியிராவிட்டாலும், கையால் உழைத்துப் பிழைப்பவன் என்பதாலேயே ஒருவன் களத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டான்! தடகளத்தைப் பொறுத்தவரை இந்த வாசகம் சில ஆண்டுகளில் நீக்கப்பட்டது. எனினும் காசு வாங்கலாகாது என்னும் விதி நின்றது. நிலமும் மாளிகையும் உடையவனுக்கு அவ்விதி சுமையன்று. பெற்றோரை இழந்து, பண்ணைக்கூலிக்குப் போய்வந்த பிள்ளைக்கு அது எத்தகைய விதி? உழைக்கும் கைகளைத் தாழ்வென்று ஒதுக்கும் ஏற்பாடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனாற் காண்கிறோம். அங்கே அதற்குச் சாதி என்னும் பெயரில்லை, அவ்வளவே.

அமெரிக்க அமெச்சூர் தடகளச் சங்கத்தின் செயலாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்குத் தோர்ப் ஒரு கடிதம் எழுதினார். பணம் பெற்றதை அவர் மறுக்கவில்லை. தாம் பள்ளியிற் படித்த ஒரு பூர்வகுடி மாணவர் என்றும், அவ்வாறு ஆடுவது தவறென்று அறியாதவர் என்றும், மற்றக் கல்லூரி மாணவர் பலரும் அதையே செய்தனர், ஆனால் பெயரை மறைத்துச் செய்தனர் என்றும், தாம் பணத்துக்காகவன்றி ஆட்ட விருப்பத்தாலேயே ஆடியதாகவும் அதில் எழுதி, மன்னிப்பை வேண்டினார். அக்கடிதம் உருவானதில் வார்னரின் கை உண்டென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். வார்னரும், பள்ளிக் கண்காணிப்பாளர் ஃபிரீட்மனும் தங்களுக்கு ஏதும் தெரியாது என்று கைகழுவினர். தம் தலைசிறந்த ஆட்டக்காரன் இரண்டு கோடைகள் எங்கிருந்தான் என்பதை அறியாத பயிற்சியாளர் ஒருவர் இருக்கக்கூடுமோ? பயிற்சியாளர் என்ற பெயரில் நாமும் பிள்ளைகளோடு திடலில் நின்றவர்களே. நம்மால் இதனை நம்ப இயலவில்லை. அறியாமையை அந்த மாணவர்மீது ஏற்றிவிட்டு, அறிந்தவர்கள் தப்பித்துக்கொண்டனர் என்பதே நம் கருத்து.

பதக்கங்களும் கோப்பைகளும் திரும்பப் பெறப்பட்டன. பெயர் பதிவேட்டினின்று அடிக்கப்பட்டது. ஐவகைப் போட்டியின் தங்கம் நார்வே நாட்டு ஃபெர்டினாண்ட் பீ என்பவர்க்கும், பத்துவகைப் போட்டியின் தங்கம் வீஸ்லாண்டருக்கும் உரியன என அறிவிக்கப்பட்டன. ஸ்டாக்ஹோம் போட்டி விதிநூலில் ஒரு பிரிவு இருந்தது. ஒருவரின் தகுதி குறித்த ஆட்சேபத்தைப் பரிசளிப்பு முடிந்த 30 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும் என்பது அது. ஆறு மாதம் கழித்து வந்த ஆட்சேபம் செல்லாது. விதியைக் காட்டி வீரரை நீக்கியவர்கள், அதே விதிநூலின் இப்பக்கத்தைப் புரட்டவில்லை. தோர்ப்பின் பக்கம் நின்று அதனைப் படித்துக்காட்ட ஒரு வழக்கறிஞரும் இல்லை. நம் சங்கம் சட்டம் பயிலும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்குவது எதற்கு என வினவும் உறுப்பினர்க்கு இந்த 30 நாள் கதையைச் சொல்லலாம்.

நிற்க. 1914-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று கார்லைல் பள்ளியை விசாரித்தது. விளையாட்டு நிதியின் கணக்குகளும் வெளிவந்தன. ஆட்டக்காரர்களுக்குப் பள்ளியே பணம் கொடுத்திருந்தமையும் வெளிவந்தது. ஃபிரீட்மன் பதவி இழந்தார். வார்னர் வேறொரு பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகச் சென்று புகழோடு வாழ்ந்தார். 1918-இல் பள்ளி மூடப்பட்டது.

அமெச்சூர் தகுதி போனபின் பணத்துக்கு ஆடத் தடையில்லை அல்லவா? நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி ஆண்டுக்கு 6000 டாலர் அளவில் ஊதியம் பேசித் தோர்ப்பை உடனே சேர்த்துக்கொண்டது. 1913-14-இல் அவ்வணி உலகச் சுற்றுப்பயணம் மேற்கொண்டபோது, புதுமணத் துணைவி ஐவாவுடன் அவரும் சென்றார். அப்பயணத்தின் வழியில் அவர்கள் இலங்கையின் கொழும்பு நகரிலும் இறங்கினர். தமிழ் பேசும் துறைமுகத் தொழிலாளரும் அவரைப் பார்த்திருக்கக்கூடும். இவர் யாரென அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. முதன்மைப் பேஸ்பால் கூட்டமைப்பில் 1919 வரை ஆடினார். கால்பந்தில்தான் அவர் பேரரசர். 1915-இல் ஒஹையோ மாநிலத்துக் கான்டன் புல்டாக்ஸ் அணி, ஆட்டத்திற்கு 250 டாலர் தந்து அவரை அழைத்தது. 1920-இல் கான்டன் நகரின் மோட்டார் வண்டி விற்பனைக் கூடம் ஒன்றில், தொழில்முறைக் கால்பந்துச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவராகத் தோர்ப்பையே அமர்த்தினர். இன்று கோடிக்கணக்கான டாலர் புரளும் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அதுவே. 1922, 23 ஆண்டுகளில் நாய் வளர்ப்பு வணிகர் ஒருவர், தம் சரக்குக்கு விளம்பரமாகப் பூர்வகுடியினர் மட்டுமே கொண்ட அணி ஒன்றை அமைத்தார். தோர்ப் அதன் தலைவர். ஆட்டத்தின் இடைவேளையில் வீரர்கள் இறகு சூடி நடனமாட வேண்டும். புகழைப் பிறர் விற்றுக்கொண்டே இருந்தனர்.

பிற்பகுதி துயரமானது, அதனை விரித்துரைக்க விரும்பவில்லை. முதல் மகன் சிறுவயதிலேயே இறந்தான். குடிப்பழக்கம் அவரைப் பற்றியது. இரண்டு மணங்கள் முறிந்தன. அவரிடம் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1931-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு மருத்துவமனைக் கட்டட வேலையில் கூந்தாலி பிடித்து மண் வெட்டிக்கொண்டிருந்தார். மறு ஆண்டு அதே நகரில் ஒலிம்பிக் நடந்தபோது, நுழைவுச்சீட்டு வாங்க அவரிடம் பணமில்லை. செய்தி பரவவே, பூர்வகுடி வழிவந்தவரான துணைக் குடியரசுத் தலைவர் சார்லஸ் கர்ட்டிஸ் அவரை அழைத்துத் தம்மருகே அமர்த்திக்கொண்டார். இலட்சம் பேர் கொண்ட அவை எழுந்து நின்று வாழ்த்தியது. திரைப்படங்களில் சில்லறை வேடங்கள் ஏற்று வாழ்ந்த காலத்தில், பூர்வகுடி வேடங்களைப் பூர்வகுடியினருக்கே தர வேண்டும் என வாதாடினார். ஒருவேளை உணவுக்குத் தவித்த தம் இன நடிகர்களுக்குத் தம்மாலியன்றதைச் செய்தார். தம் வாழ்க்கைக் கதையின் உரிமையை முன்பே 1500 டாலருக்கு விற்றுவிட்டமையால், 1951-இல் வெளிவந்த திரைப்படத்தினால் அவருக்குப் பெரும்பயன் விளையவில்லை. 1950-இல் நூற்றாண்டின் முதற்பாதியில் தோன்றிய தலைசிறந்த விளையாட்டு வீரர் எனப் பத்திரிகையாளர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். அடுத்த ஆண்டே உதட்டுப் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் செய்துகொள்ளத் தரும நோயாளியாக மருத்துவமனை புகுந்தார். 1953 மார்ச் 28-இல் கலிபோர்னியாவின் லோமிட்டா என்னும் ஊரில், சக்கரம் பூட்டிய சிறு வீடொன்றில் மாரடைப்பால் உயிர்நீத்தார்.

அவர் உயிரோடிருந்தவரை பதக்கங்கள் திரும்பவில்லை. 1952 முதல் 1972 வரை உலக ஒலிம்பிக் குழுத் தலைவராயிருந்த ஆவரி பிரண்டேஜ் இதற்கு இசையவேயில்லை. அமெச்சூர் கொள்கையின் பெருங்காவலர் என்று புகழப்பட்ட அவர், 1912-இல் அதே இரு போட்டிகளிலும் தோர்ப்பிடம் தோற்றவர் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1982-இல் ராபர்ட் வீலர், ஃபுளோரன்ஸ் ரிட்லன் ஆகிய ஆய்வாளர் இணையர், நாடாளுமன்ற நூலகத்திலிருந்து அந்தப் பழைய விதிநூலைத் தேடியெடுத்து, 30 நாள் பிரிவை உலகுக்குக் காட்டினர். 1983 ஜனவரியில் பதக்கங்களின் மறுபடிகள் தோர்ப்பின் மக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அப்போதும் கூட்டு வெற்றியாளர் என்றே எழுதினர். 2022 ஜூலையிலேதான், வீஸ்லாண்டர் குடும்பத்தாரும் சுவீடன், நார்வே நாட்டினரும் இசைந்த பின்னர், தோர்ப் ஒருவரே வெற்றியாளர் எனப் பதிவேடு திருத்தப்பட்டது. ஓட்டம் முடிந்து 110 ஆண்டுகள்!

அமெரிக்கக் கல்லூரி மாணவர் நிலையும் நெடுங்காலம் தோர்ப்பின் நிலையாகவே இருந்தது. கல்லூரிகளும் தொலைக்காட்சி நிறுவனங்களும் பெருந்தொகை ஈட்ட, ஆடும் மாணவன் தன் கையொப்பமிட்ட படத்தை விற்றாலும் குற்றவாளி ஆனான். அம்மாணவர்களுட் கறுப்பின ஏழைப் பிள்ளைகள் பலர். 2021 ஜூன் மாதத்தில், ஆல்ஸ்டன் என்னும் மாணவர் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஒருமனதாக மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறுமாதம் முதல் நாள் முதல், தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் ஈட்ட மாணவர்கள் அனுமதிக்கப்பட்டனர். 2025-இல் நீதிமன்றம் ஏற்ற மற்றோர் உடன்பாட்டின்படி, கல்லூரிகளே தம் வருவாயில் ஒரு பகுதியை ஆட்டக்காரர்க்கு நேரடியாக வழங்கலாம். கல்லூரி ஒன்றுக்கு ஆண்டுவரம்பு ஏறத்தாழ 2 கோடி டாலர். இவ்வழியில் புதிய தீமைகள் வாராவோ, படிப்பு பின்தள்ளப்படாதோ என்னும் கவலை ஓர் ஆசிரியர் என்ற முறையில் நமக்கும் உண்டு. ஆயினும் வாரம் 35 டாலருக்கு ஒருவரின் வாழ்வையே பறித்த ஏற்பாட்டினும் இது மேல்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. ஓக்லஹோமாவில் அவருடைய இனத்தார் இறுதிச் சடங்கு நடத்திக்கொண்டிருந்தபோதே, மூன்றாம் மனைவி வந்து உடலை எடுத்துச் சென்றார். பென்சில்வேனியாவில் தொழில் நசித்துக் கிடந்த இரண்டு சிற்றூர்கள், தோர்ப்பின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டு, அவ்வுடலைப் பெற்று அடக்கம் செய்தன. 1954-இல் ஜிம் தோர்ப் என்னும் பெயரில் அவ்வூர்கள் ஒன்றாயின. அவர் வாழ்நாளில் அங்கே காலடி வைத்தவரல்லர். தந்தையின் உடலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுசெல்ல மகன்கள் 2010-இல் வழக்குத் தொடுத்தனர். 2013-இல் வென்றனர், 2014-இல் மேல்முறையீட்டில் தோற்றனர், 2015-இல் உச்சநீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. கல்லறை அங்கேயே உள்ளது. அதனடியில் ஓக்லஹோமாவிலிருந்து கொணர்ந்த மண்ணையும், ஸ்டாக்ஹோம் விளையாட்டரங்கிலிருந்து கொணர்ந்த மண்ணையும் இட்டு வைத்திருக்கின்றனர்.